பட்டாளத்திலிருந்து வயலுக்கு: ஊர் திரும்பும் படைவீரர் கவனிக்க வேண்டியவை

காவிரிப் பாசனப் பகுதியில் எந்த ஊருக்குப் போனாலும் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஒரு வீட்டையாவது காட்டுவார்கள். சில ஊர்களில் ஒரு தெருவே அப்படி இருக்கும். 2022-ல் அக்னிபத் திட்டம் வருமுன், பதினேழரை வயதுக்கு மேல் 21 வயதுக்குள் சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர், 15 ஆண்டு சேவை முடித்தால் பென்ஷனுக்கு உரியவர் ஆகிறார். ஆகவே பெரும்பாலோர் 35 வயதிலிருந்து 45 வயதுக்குள் ஊர் திரும்பி விடுகிறார்கள். மற்ற உத்தியோகங்களில் ஓய்வு பெறுகிறவர் பேரன் பேத்தியுடன் திண்ணையில் உட்காரலாம். இவருக்கோ பிள்ளைகள் பள்ளியில் படித்துக் கொண்டிருப்பார்கள். உடம்பில் வலு இருக்கும். இன்னும் முப்பது ஆண்டு உழைக்க வேண்டியிருக்கும்.

இது விவசாயப் பகுதியில் எழுத வேண்டிய விஷயமா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். ஆம் என்பதே நமது பதில். திரும்பி வருகிறவர்களில் பலர் செய்ய நினைப்பது விவசாயம்தான். அதில் காலூன்றியவர் ஊரிலும் காலூன்றி விடுகிறார். அதில் சறுக்கியவர் பணத்தை மட்டுமன்றி ஊரையும் இழந்தவர் போல் ஆகி, இரண்டொரு வருஷத்தில் ஏதாவது ஒரு நகரத்தில் காவலாளி வேலைக்குப் போய்விடுகிறார். காவலாளி வேலை இழிவானதல்ல. ஆனால் சொந்த ஊரில் இடமில்லை என்று எண்ணிப் போவது வருத்தத்திற்குரியது.

கல்லில் எழுதாத கணக்கு

முதல் உலகப் போருக்குப் பிறகு சென்னை மாகாணத்துப் பல ஊர்களில் அரசாங்கம் ஒரு கல் பதித்தது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கும். போனவர் கணக்கு உண்டு. மாண்டவர் கணக்கு உண்டு. திரும்பி வந்தவர் என்ன ஆனார் என்ற கணக்கு மட்டும் அந்தக் கல்லில் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து சுமார் 25 லட்சம் பேர் பட்டாளத்தில் சேர்ந்தனர். போர் முடிந்ததும் அவர்களில் மிகப் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சென்னை அரசாங்கம் அப்போது தன் எல்லைக்குள் இருந்த வயநாட்டில் காட்டு நிலத்தைத் திருத்தி, முன்னாள் படைவீரர்களைக் குடியேற்றும் திட்டம் ஒன்றை நடத்தியது. நிலம் கொடுத்தால் மனிதன் நிலைத்துவிடுவான் என்பது அதன் அடிப்படை.

தஞ்சை டெல்டாவில் அப்படிக் கொடுக்கப் புது நிலம் கிடையாது. இங்கே ஒவ்வொரு குழி நிலமும் பல தலைமுறைகளாகப் பங்கு பிரிந்து கிடக்கிறது. ஒரு வேலி நிலம் இருந்த குடும்பத்தில் இன்று தலைக்கு நாலு மா, ஐந்து மா என்று இருந்தால் பெரிது. ஆகவே ஊர் திரும்புகிறவருக்கு இங்கே கிடைக்க வேண்டியது நிலத்தைவிட முக்கியமான ஒன்று. ஊர் நடவடிக்கைகளில் அவருக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும். அதை எந்த அலுவலகத்திலும் மனுப் போட்டு வாங்க முடியாது.

விருந்தாளி வீட்டுக்காரராவது

பட்டாளத்தில் இருக்கும்போது ஆண்டுக்கு 60 நாள் வருஷ லீவும் 30 நாள் வரை கேஷுவல் லீவும் உண்டு. அந்த நாட்களில் வீட்டுக்கு வருகிறவர் விருந்தாளி. அவருக்காகக் கோழி அடிப்பார்கள். கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். வயல் கணக்கையோ கடன் கணக்கையோ அவரிடம் எடுத்து வைக்க மாட்டார்கள். 'ரெண்டு மாசம் இருக்க வந்தவர், அவரை ஏன் கஷ்டப்படுத்தணும்?' என்று மறைத்து விடுவதும் உண்டு.

இப்படி 17, 20 ஆண்டுகள் கழிந்தபின், ஒரு நாள் டிரங்குப் பெட்டியுடன் அவர் நிரந்தரமாக வந்து சேருகிறார். இத்தனை ஆண்டு நிலத்தைப் பார்த்தவர் யார்? மனைவி பார்த்திருப்பார், அல்லது தம்பி, வயதான தகப்பனார், மாமனார் என்று யாராவது பார்த்திருப்பார்கள். எந்த வயலில் களர் பூக்கும், எந்த வயல் ஐப்பசி மழையில் மூழ்கும், எந்தக் கடையில் உரம் கடனுக்குக் கிடைக்கும், நடவுக்கு யாரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். வந்தவருக்குத் தெரிந்த விவசாயமோ அவர் பட்டாளத்துக்குப் போகுமுன் பார்த்தது. அப்போது கையறுப்பு. இப்போது அறுவடை இயந்திரம். அப்போது சால் ஓட்டிய மாடுகள். இப்போது பவர் டில்லர், டிராக்டர், நடவு இயந்திரம். பல இடங்களில் நடவே இல்லாமல் நேரடி நெல் விதைப்பு.

எனவே முதல் யோசனை இதுதான். வந்தவுடன் 'இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி யாரிடமிருந்தும் பொறுப்பைப் பிடுங்கக் கூடாது. மனைவி இத்தனை நாள் சாகுபடி செய்திருந்தால், ஒரு போகம் அவர் சொல்கிறபடி உடன் நின்று வேலை செய்வது நலம். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. புதிய யூனிட்டுக்கு மாற்றலாகிப் போகும்போது, அங்கே முன்பே இருக்கிறவரிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்து பொறுப்பேற்பதுதானே வழக்கம்? வீட்டிலும் அதே முறையைக் கடைப்பிடிக்கலாம்.

நிலம் தம்பி சாகுபடியில் இருந்தால் பேச்சு இன்னும் நிதானமாக இருக்க வேண்டும். இத்தனை ஆண்டும் கிஸ்தி கட்டி, வரப்பு வெட்டி, வெள்ளத்திலும் வறட்சியிலும் நிலத்தைக் காப்பாற்றியவர் அவர். பாகம் பிரிப்பதானால் அறுவடை முடிந்து, பெரியவர்கள் முன்னிலையில், எழுத்து மூலமாகச் செய்துகொள்ளுதல் வேண்டும். நின்ற பயிரின் நடுவே கயிறு பிடித்து அளந்த குடும்பங்கள் பிறகு சேர்ந்து வாழ்வது கடினம்.

உத்தரவுக்குக் கட்டுப்படாத தண்ணீர்

பட்டாளத்தில் மேலே சொன்னது கீழே நடக்கும். டெல்டாவில் தண்ணீர்தான் மேலிருந்து கீழே போகும். அது யார் உத்தரவுக்கும் கட்டுப்படாது.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. குறுவைக்கு அதைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து இது முன்பின்னாகும். மேட்டூரில் விட்ட தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணையை எட்டி, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. பிறகு கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று சுருங்கிச் சுருங்கி நம் மடைக்கு வருகிறது. அதற்குமேல் நமது பகுதியில் பெரும்பாலும் வயலுக்கு வயல்தான் பாய்கிறது. மேல் வயல்காரர் வரப்பை வெட்டினால்தான் நமக்குத் தண்ணீர். நாம் வடித்தால்தான் மேல் வயலுக்கு வடிகால். பம்புசெட் வைத்திருப்பவருக்கும் வடிகால் என்று வரும்போது அண்டை வயல்காரர் தயவு வேண்டும்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முதலாமவர் குறுவை நட்ட பத்தாம் நாள் இரவு வயலுக்குப் போகிறார். மடை அடைபட்டிருக்கிறது. மேல் வயல்காரரின் வாசலில் நின்று சத்தம் போடுகிறார். மறுநாள் அதிகாரிகளுக்கு மனு எழுதுகிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அன்று முதல் அவர் வயலுக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வருகிறது. நடவுக்குச் சொன்ன ஆட்கள் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்காக அவர்களையும் அதட்டுகிறார். அடுத்த போகத்தில் அந்த நடவுக் கோஷ்டி வேறு வயலுக்குப் போய்விடுகிறது.

இரண்டாமவர் சித்திரையிலேயே மண்வெட்டியுடன் வாய்க்கால் வெட்டும் இடத்துக்குப் போகிறார். தன் பங்குக்கு மேல் நாலு கஜம் அதிகமாகத் தூர் எடுக்கிறார். தண்ணீர் வந்தபின் முறை வைக்க வேண்டிய நிலை ஏற்பட்டபோது, 'ராத்திரி முறையை நான் பார்க்கிறேன் அண்ணே, எனக்குக் கண் விழித்துப் பழக்கம்' என்கிறார். யார் வயலுக்கு எத்தனை மணிக்குத் திறந்தது, எப்போது அடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். தம் வயலுக்கும் அதே கணக்கு. அடுத்த ஆண்டு முறை எழுதும் வேலையை ஊரே அவரிடம் ஒப்படைக்கிறது. கடைமடைக்காரர் அவரைத் தேடி வந்து யோசனை கேட்கிறார்.

இருவருக்கும் ஒரே பயிற்சி, ஒரே பென்ஷன். முதலாமவர் ஊரிடம் தம் உரிமையைக் கேட்டார். இரண்டாமவர் ஊர் வேலையில் ஒரு பங்கைக் கேட்டார். டெல்டாவில் இரண்டாவது வழியே பலிக்கிறது.

இது புதிய உபதேசமல்ல. குடிமராமத்து என்று நம் முன்னோர் வைத்த முறையே இதுதான். பாசனக்காரர்கள் தாமே கூடி வாய்க்காலைப் பராமரிக்கும் அந்த வழக்கத்திற்கு 1858-ம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருந்தது. தமிழக அரசு 2017-ல் அதே பெயரில் ஒரு திட்டத்தையும் நடத்தியது. பாசன முறை நிர்வாகத்தில் விவசாயிகளுக்குப் பங்கு கொடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2000-ம் ஆண்டில் வந்தது. அதன்படி ஏற்பட்ட நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து உழைக்க நிறைய இடமுண்டு.

முதல் ஆண்டு வேலைத் திட்டம்

ஊர் திரும்பியவர் முதல் ஆண்டைப் படிப்புக் காலமாக வைத்துக்கொள்வது உசிதம்.

ஒன்று: தை, மாசியில் வந்து சேர்ந்தவர் உளுந்தில் தொடங்கலாம். சம்பா அல்லது தாளடி கையறுப்பு வயலில், அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதையைத் தெளித்துவிட்டால் போதும். உழவுச் செலவு கிடையாது. பனியிலும் மிச்ச ஈரத்திலும் விளையும் பயிர் இது. செலவு குறைவாதலால் தவறு நேர்ந்தாலும் தாங்கும்.

இரண்டு: கோடையில் நிலம் காய்ந்திருக்கும்போது மண் பரிசோதனைக்கு மண் எடுத்து அனுப்ப வேண்டும். தலைமடையிலிருந்து தம் வயல் வரை வாய்க்காலையும், தம் வயலிலிருந்து வடிகால் சேரும் இடம் வரையும் ஒரு முறை நடந்து பார்த்துவிட வேண்டும். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

மூன்று: குறுவையில் தம் பொறுப்பில் மூன்று மாவுக்கு மேல் எடுக்க வேண்டாம். மூன்று மா என்றால் ஓர் ஏக்கர். குறுவைக்கு ஆடுதுறை 36, 43, 45 போன்ற, 110 நாள் அளவில் விளையும் ரகங்கள் நம் பகுதிக்குப் பழக்கமானவை. நாற்றங்கால் முதல் களம் வரை ஒவ்வொரு வேலையிலும் தாமே இறங்கி, செலவை நாள்வாரியாக எழுதி வர வேண்டும். பட்டாளத்தில் பழகிய இந்த எழுத்து வேலை விவசாயிகளில் பலருக்கு இல்லாத ஆஸ்தியாகும்.

நான்கு: ஐப்பசி, கார்த்திகையில் மூழ்கும் பள்ள வயலானால் சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப் 1 போன்ற, வெள்ளம் தாங்கும் ரகத்தைப் பற்றி விசாரிக்கலாம். இளம் பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மீண்டு வரும் தன்மை அதற்கு உண்டு. பயிர் இன்ஷூரன்ஸுக்குக் கெடு தேதி முடியுமுன் பணம் கட்டிவிட வேண்டும்.

ஐந்து: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். சிட்டா, அடங்கல் யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட இவை தேவைப்படும். அங்கே சாதாரணமாக 17 சதவிகிதம் வரை ஈரப்பதம் ஏற்கப்படும். காயாத நெல்லைக் கொண்டுபோய் நின்று மனம் நொந்துகொள்ள வேண்டாம்.

தொழில் நுணுக்கங்களுக்கு 1922 முதல் இயங்கி வரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தையும், நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களையும் அணுகலாம்.

கைக்கு வந்த பணம்

ஓய்வு பெறும்போது கிராஜுவிடி, சேமநிதி, பென்ஷன் கம்யூடேஷன் என்று மொத்தமாக ஒரு தொகை வருகிறது. இது ஊருக்குத் தெரிந்ததும் உறவுக்காரர் கைமாற்றுக் கேட்பதும், தரகர்கள் நிலம் காட்டுவதும், கம்பெனிக்காரர் இயந்திரம் காட்டுவதும் வழக்கம். முதல் ஆண்டு முடியும் வரை மூன்றுக்கும் மறுப்புச் சொல்லிவிடுவது நல்லது. கைமாற்றுக் கொடுத்தால் பணமும் போகும், உறவும் போகும். அறுவடை இயந்திரம் போன்ற பெரிய இயந்திரத்திற்கு ஆண்டில் சில வாரமே வேலை. தவணையோ பன்னிரண்டு மாதமும் உண்டு. வேண்டுமானால் நாலைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ, மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையில் கேட்டறிந்த பிறகு வாங்கலாம்.

மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் பென்ஷன் வாங்குகிறவருக்கு, மத்திய அரசின் பிரதம மந்திரி கிசான் உதவித் தொகை பொதுவாகக் கிடையாது. தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு திருப்பிக் கட்ட நேரிடலாம் என்பதை நினைவில் கொள்க. மனைவி, மக்கள் பெயர்கள் பென்ஷன் ஆவணத்தில் சரியாக உள்ளனவா என்று பார்த்து, பென்ஷன் கணக்கை மனைவியுடன் கூட்டுக் கணக்காக வைப்பதும் அவசியம்.

பால் பண்ணை, பழுதுபார்க்கும் பட்டறை போன்ற தொழில் தொடங்க எண்ணுவோர், 2024 சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் பற்றி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஒரு கோடி ரூபாய் வரையிலான வங்கிக் கடனுக்கு 30 சதவிகித மூலதன மானியமும் 3 சதவிகித வட்டி மானியமும் அதில் அறிவிக்கப்பட்டன. இன்னும் சேவையில் இருப்பவர்கள், கடைசி ஆண்டில் மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் பயிற்சிகளில் விவசாயம் சார்ந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படித்துவிட்டு வருதல் நன்று.

கற்ற தொழில் வீணாக வேண்டாம்

பட்டாளத்தில் வண்டி, இயந்திரம் பழுது பார்த்தவர் ஊர் பம்புசெட்டுகளுக்கும் நடவு இயந்திரத்துக்கும் வைத்தியராகலாம். பாலம், கரை வேலை பார்த்தவருக்கு மதகும் மடையும் சுலபம். கிளார்க்காக இருந்தவர் சங்கத்துக் கணக்கைச் சீராக வைக்கலாம். ஆஸ்பத்திரிப் பிரிவில் இருந்தவர், வயலில் பாம்பு தீண்டினால் இறுகக் கட்டுப் போடுவதையும் கீறுவதையும் தடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஊராருக்குச் சொல்லித் தரலாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவர்களது உதவி விலைமதிப்பற்றது. கரை கசியும் இரவில் யார் எங்கே நிற்பது, மணல் மூட்டை எங்கே அடுக்குவது, வயதானவர்களை எந்த வழியாக அப்புறப்படுத்துவது என்று பதறாமல் சொல்ல ஒருவர் வேண்டும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்ததையும், அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் அடித்ததையும் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் மட்டும் உத்தரவுக் குரலை ஊர் சந்தோஷமாகக் கேட்கும்!

உறக்கம் வராத இரவுகள்

சிலருக்கு ஊர் திரும்பிய பின் தூக்கம் பிடிப்பதில்லை. சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுகிறார்கள். காரணமில்லாமல் கோபம் வருகிறது. இருபது ஆண்டு ஒரே கூடாரத்தில் உண்டு உறங்கிய தோழர்கள் திசைக்கொருவராகப் போய்விட, பேச ஆளில்லாமல் கேன்டீன் பாட்டிலுடன் மாலைப் பொழுதைக் கழிக்கிறார்கள். வீட்டார் இதைத் திமிர் என்று எண்ணிவிடுகிறார்கள். திமிரல்ல, மனத்தின் காயம். பயிருக்கு நோய் கண்டால் மறைக்காமல் இலையைக் கிள்ளிக்கொண்டு போய்க் காட்டுகிறோம். மனத்துக்கும் அப்படியே செய்ய வேண்டும். 2003 முதல் நடைபெறும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கிலோ, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலோ காட்டலாம். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஊரார் கடமை

ஊராருக்கும் ஒரு வார்த்தை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துவதோடு கடமை முடிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. வாய்க்கால் பேச்சு, கோயில் கணக்கு, பள்ளிக்கூடக் கமிட்டி என்று எதிலாவது அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். 'மிலிட்டரி' என்று கேலியாகக் கூப்பிடுவதை விட்டு, அண்ணன், மாமா, சித்தப்பா என்று பழைய முறை சொல்லிக் கூப்பிட்டாலே பாதித் தூரம் குறைந்துவிடும்.

இனி வரும் ஆண்டுகளில் இந்தத் தேவை அதிகமாகும். 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேருகிறவர்களுக்கு நான்கு ஆண்டே சேவை. 25 சதவிகிதம் பேர் வரை தொடர்ந்து வைத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன், பென்ஷன் இல்லாமல் திரும்புவார்கள். 2022-23-ல் சேர்ந்த முதல் தொகுதிக்கு 2026-27-ல் நான்காண்டு முடிகிறது. இருபத்தைந்து வயதை ஒட்டிய இந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட, முன்பே திரும்பி வந்து வேரூன்றிய முன்னாள் படைவீரர்களைவிடத் தகுந்தவர் யார்?

நாற்றைப் பறித்து நட்டதும் சில நாள் பயிர் வெளுத்து வாடித்தான் நிற்கும். அதைப் பார்த்து எந்த விவசாயியும் வயலை உழுதுவிடுவதில்லை. அளவாகத் தண்ணீர் கட்டி, பச்சை பிடிக்கும் வரை பொறுத்திருக்கிறான். ஊர் திரும்பியவரும் அவர் வீட்டாரும் ஊராரும் அதே பொறுமையை ஓர் ஆண்டு கடைப்பிடித்தால் போதும். அடுத்த சித்திரையில் வாய்க்கால் வெட்டக் கூடும்போது, உங்கள் தெருவுக்குப் புதிதாகத் திரும்பி வந்தவரையும் மறவாமல் கூப்பிடுங்கள்.